மனநல எழுத்தறிவு: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மனநலம் பற்றி ஒரு கூட்டம் வைத்தால், கேள்வி நேரத்தில் யாரும் கை தூக்குவதில்லை. கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில்தான் ஒவ்வொருவராக ஓரத்துக்கு வருவார்கள். பெரும்பாலும் "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு..." என்றுதான் கதை தொடங்கும். அப்படி ஓரத்தில் வந்து விழும் கேள்விகள் இவை.

மனநல எழுத்தறிவு என்றால் என்ன? டொக்டருக்குப் படிப்பதா?

இல்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர் அந்தனி ஜோர்மும் அவருடன் வேலை செய்தவர்களும் 1997இல் இந்தக் கருத்துக்கு ஒரு வரையறை தந்தார்கள். மனநோய்களை இனங்காணவும், சமாளிக்கவும், வராமல் தடுக்கவும் உதவுகிற அறிவும் நம்பிக்கைகளும் என்பது அதன் சாரம். அதில் "நம்பிக்கைகளும்" என்று சேர்த்ததைக் கவனியுங்கள். ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம். ஆனால் "மருந்து எடுத்தால் ஆள் மந்தமாகிவிடும்" என்று மனதுக்குள் நம்பினால், தெரிந்த எதுவும் அவருக்கு உதவாது.

பின்னாளில் கனடாவின் மனநல வைத்தியர் ஸ்டான் குச்சரும் மற்றவர்களும் இதை விரித்தார்கள். நல்ல மனநலத்தைப் பேணத் தெரிவது, நோயையும் சிகிச்சையையும் விளங்கிக்கொள்வது, நோயாளி மீதான இழிவெண்ணத்தைக் குறைப்பது, உதவி தேடிப் போகத் தெரிவது எல்லாம் இப்போது இதற்குள் வருகின்றன.

என்னைக் கேட்டால், நம் ஊரில் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய ஓட்டை. நோயின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் எந்த வாசலுக்குப் போய் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று தெரிந்தவர்கள்தான் குறைவு.

இதை அளக்க முடியுமா?

முடியும். ஒரு ஆளின் கதையைச் சொல்லி, "இவருக்கு என்ன? இவர் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்பார்கள். 1995இல் ஆஸ்திரேலியாவில் 2000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் இப்படிக் கேட்டார்கள். மனச்சோர்வு நோயின் கதையைச் சரியாக இனங்கண்டவர்கள் 39 சதவீதம். மனச்சிதைவின் (ஸ்கிட்சோஃப்ரீனியா, இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவை வரும் நோய்) கதையை இனங்கண்டவர்கள் 27 சதவீதம்தான். வசதியான, படித்த நாட்டிலேயே அந்த நிலைமை. ஆகவே நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது நம் ஊருக்கு ஒரு கதை. 23 வயதுப் பையன், புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். சில மாதங்களாக வேலைக்கு ஒழுங்காகப் போவதில்லை. இரவில் நித்திரை இல்லை. குளிப்பதில்லை. தொலைபேசியின் கமெரா மேல் பிளாஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறான். கீழ்த் தளத்தில் இருப்பவர்கள் தன்னைப் பற்றியே கதைக்கிறார்கள், அது தனக்குக் கேட்கிறது என்கிறான். அம்மா சாப்பாடு வைத்தால் முதலில் அவரைச் சாப்பிடச் சொல்கிறான்.

வீட்டில் சொல்லப்படும் பதில்கள் எனக்குத் தெரியும். காதல் தோல்வி. யாரோ செய்துவிட்டார்கள். தூள் பாவிக்கிறான். அப்புறம் நம் ஆட்களின் சர்வரோக நிவாரணி: ஒரு கல்யாணத்தைச் செய்து வைத்தால் சரியாகிவிடும்.

இது உளப்பிறழ்வின், அதாவது நிஜம் எது, மனம் உண்டாக்கியது எது என்று பிரித்தறிய முடியாமல் போகிற நிலையின், தொடக்கமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஐஸ் போதைப்பொருளும் இதே மாதிரியான நிலையைக் கொண்டுவரலாம் என்பதால் "பாவிக்கிறானோ" என்ற சந்தேகம் முட்டாள்தனமானது அல்ல. ஆனால் காரணம் எதுவானாலும் போகவேண்டியது வைத்தியரிடம்தான். சிகிச்சை தொடங்கப் பிந்தப் பிந்த, தேறி வருவதும் கடினமாகும். கல்யாணம் செய்து வைத்தால், ஏதும் தெரியாத ஒரு பெண்ணையும் இதற்குள் இழுத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

எனக்கு எப்போதும் ஒரே யோசனை. இது நோயா, சாதாரணக் கவலையா?

கடன், வீட்டு வாடகை, வெளிநாட்டில் இருக்கிற மகனின் விசா என்று யோசிக்கக் காரணம் இருந்தால் யோசிக்கத்தான் செய்வோம். அது நோய் அல்ல. 2022இல் கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் இந்த நகரத்தில் யோசிக்காதவர்கள் யார்?

வைத்தியர்கள் பார்ப்பது வேறு. மனம் சோர்ந்து கிடப்பது, அல்லது வழமையாகப் பிடித்தது எதிலும் நாட்டமில்லாமல் போவது, நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா? கூடவே நித்திரை, பசி, கவனம், உடற்சக்தி குறைந்திருக்கிறதா? "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் வருகிறதா? வேலை, சமையல், பிள்ளைகளைப் பார்ப்பது போன்றவை தடைப்படுகின்றனவா? ஆம் என்றால் போய்க் காட்டவேண்டிய நேரம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். நம்மில் பலருக்கு மனச்சோர்வு "மனசு சரியில்லை" என்று வருவதே இல்லை. நெஞ்சு அடைக்கிறது, தலை பாரம், உடம்பெல்லாம் உளைவு, கை கால் எரிவு என்றுதான் வருகிறது. அம்மாவை நெஞ்சுவலிக்குக் கொண்டுபோய் ஈசிஜி எடுத்து, இரத்தம் சோதித்து, எல்லாம் சரி என்ற றிப்போட்டுடன் திரும்பி வருவோம். "ஒண்டுமில்லையாம், சும்மா நடிக்கிறா" என்று யாராவது சொல்வார்கள். அம்மா நடிக்கவில்லை. அந்த வலி உண்மையான வலி. இதயத்தையும் தைரொய்ட்டையும் இரத்தசோகையையும் முதலில் சோதித்துப் பார்ப்பது சரிதான், அதைத் தவிர்க்கவேண்டாம். சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தபிறகு அங்கேயே நின்றுவிடுவதுதான் பிழை. அடுத்த முறை டொக்டரிடம் "நித்திரை எப்படி, மனசு எப்படி என்றும் பாருங்கோ" என்று நீங்களே சொல்லலாம்.

மனநல டொக்டரிடம் போவதென்றால் அங்கொடைக்கா போகவேண்டும்?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. கொழும்பில் பாதிப் பேரை வைத்தியத்திலிருந்து தடுத்து நிறுத்துவது அந்த ஊரின் பெயர்தான். பகிடிக்கும் கோபத்துக்கும் "உன்னை அங்கொடையில விடவேணும்" என்று சொல்லியே வளர்ந்துவிட்டோம்.

தேவையில்லை என்பதே நேரான பதில். அங்கொடையில் இருப்பது தேசிய மனநல நிறுவகம். 1920களில் ஆங்கிலேயர் காலத்தில் பெரிய மனநோய் வைத்தியசாலையாகத் தொடங்கி, இன்று வெளிநோயாளர் சேவை, அவசர சேவை, பயிற்சி எல்லாம் நடக்கிற இடம். அங்கே போவதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மனநலப் பிரிவு கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் இருக்கிறது. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தவர்களுக்குக் களுபோவிலை வைத்தியசாலை கிட்ட. சின்னப் பிள்ளைகளென்றால் பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. வெளிநோயாளர் பிரிவில் டொக்டரிடம் விஷயத்தைச் சொன்னால் கிளினிக்குக்குக் கடிதம் தருவார். அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் காசு இல்லை. பணம் கொடுத்து மனநல வைத்தியரைச் சனல் பண்ணவும் முடியும். காய்ச்சலுக்குப் போகும் குடும்ப டொக்டரிடம் முதலில் சொன்னாலும் நல்ல தொடக்கமே.

வருகிறவர்களில் பெரும்பாலானோரை வார்டில் படுக்க வைப்பதும் இல்லை. குளிசையும் அடுத்த கிளினிக் திகதியுமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மனநல வைத்தியர், உளவியலாளர், உளவளத்துணையாளர்: யாரிடம் போவது?

மனநல வைத்தியர் எம்பிபிஎஸ் முடித்து மேலே மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்ற டொக்டர். நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் அவர் வேலை. சிகிச்சை உளவியலாளர் கதைத்துச் செய்கிற சிகிச்சையைத் தருபவர், மருந்து எழுதமாட்டார். உளவளத்துணையாளர் வாழ்க்கைப் பிரச்சினைகளை ஆற அமரக் கேட்டு வழி தேட உதவுபவர். குரல் கேட்கிறது, பல நாள் நித்திரையே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், சாகவேண்டும் என்ற எண்ணம் என்றால் நேரே வைத்தியரிடம்தான். மற்றவற்றுக்கு எந்த வாசலில் தொடங்கினாலும் பரவாயில்லை, நல்லவர்கள் சரியான இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். முகநூலில் மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழோடு கடை திறந்தவர்களிடம் மட்டும் "எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள்?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

எனக்குச் சிங்களம் அவ்வளவு வராது. கிளினிக்கில் எப்படிச் சொல்வது?

இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பதில் சொல்கிறேன். மற்ற நோய்களில் டொக்டர் வயிற்றை அமத்திப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். இங்கே கதைதான் பரிசோதனை. அந்தக் கதை அரைகுறைச் சிங்களத்தில் போனால் சிகிச்சையும் அரைகுறையாகப் போகலாம்.

தமிழும் அரசகரும மொழி. தமிழில் கதைக்கக்கூடிய டொக்டரோ தாதியோ இருக்கிறாரா என்று கேட்பது சலுகை கேட்பது அல்ல. இருந்தால் காத்திருந்தாவது அவரிடம் கதையுங்கள். இல்லையென்றால் மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டிப்போங்கள். ஆனால் உங்கள் பத்து வயதுப் பிள்ளையை அந்த வேலைக்கு வைக்காதீர்கள். "அம்மாவுக்கு சாகவேணும் போல இருக்காம்" என்று ஒரு பிள்ளை சிங்களத்தில் சொல்ல வேண்டியதில்லை. அதேபோல, பிரச்சினையே வீட்டுக்காரரின் அடிதான் என்றால் அவரை மொழிபெயர்க்கக் கூட்டிப்போய்ப் பயனில்லை. நம்பிக்கையான ஒரு அக்கா, ஒரு தோழி போதும்.

முதல் நாள் இரவே ஒரு கொப்பித் தாளில் எழுதி வையுங்கள். எப்போது தொடங்கியது. நித்திரை எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்கு முழிக்கிறீர்கள். சாப்பாடு எப்படி. இப்போது எடுக்கிற எல்லாக் குளிசையும், ஆயுர்வேத மருந்தும் சேர்த்து. குடிப்பழக்கம் இருந்தால் அதுவும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. எல்லாவற்றுக்கும் கீழே, சொல்லக் கூச்சமாக இருக்கிற அந்த ஒரு விஷயம். கிளினிக்கில் சனம் கூட்டமாக இருக்கும், உங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். வாய் வராவிட்டால் தாளை நீட்டுங்கள்.

செய்வினை என்று சொல்லிக் கோவிலில் நூல் கட்டினோம். அது பிழையா?

பிழை இல்லை. கோவிலுக்குப் போவதும், கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மெழுகுதிரி கொளுத்துவதும், பள்ளிவாசலில் ஓதிப் பார்ப்பதும் மனதுக்குத் தெம்பு தருபவை. அதைப் பறிக்க யாருக்கும் உரிமை கிடையாது, டொக்டர்மாருக்கும்தான். நூலும் குளிசையும் ஒரே கையில் இருக்கலாம்.

நான் கோடு கிழிக்கிற இடங்கள் சில உண்டு. மருந்தை நிறுத்தச் சொன்னால், அடித்தால், கட்டி வைத்தால், பட்டினி போட்டால், பெண்பிள்ளையைத் தனியே அறைக்குள் கூட்டிப்போகக் கேட்டால், அல்லது ஒவ்வொரு முறையும் இன்னும் ஐம்பதாயிரம் என்று கேட்டால் அங்கிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

மருந்து தொடங்கினால் வாழ்நாள் முழுக்க எடுக்கவேண்டுமா? பழகிப்போகுமா?

எல்லாக் குளிசையும் ஒன்றல்ல. மனச்சோர்வுக்குத் தரும் புளூஒக்செட்டின், சேர்ட்ராலின் போன்றவை போதைப்பொருள் மாதிரி ஏக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்று, எரிச்சல், நித்திரைக் குழப்பம் வரலாம் என்பதால் படிப்படியாகக் குறைப்பார்கள். மாறாக, டயசிபாம், அல்பிரசோலம் போன்ற நித்திரைக் குளிசைகள் நாளாக நாளாகப் பழகிப்போகும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு தேவையான மருந்துக்குப் பயப்படுகிறார்கள், பயப்படவேண்டியதை பக்கத்து வீட்டு மாமியிடம் இரவல் வாங்கிப் போடுகிறார்கள். தலைகீழ்.

மனச்சோர்வு மருந்து தலைவலிக் குளிசை போல உடனே வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். அதற்கு முன்னரே வாந்தி வருவது போன்ற சில்லறைத் தொல்லைகள் வருவதால், "இது ஒத்துவரவில்லை" என்று முதல் வாரத்திலேயே விடுபவர்கள் அதிகம். சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், நோய் திரும்பாமல் இருக்க. மனச்சிதைவு, இருமுனை நோய் (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) போன்றவற்றுக்குக் கூடுதல் காலம் தேவைப்படும். உடல் பருக்கிறது, கை நடுங்குகிறது என்றால் நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது.

"சாகவேணும் போல இருக்கு" என்கிறார். அதைப் பற்றிக் கேட்டால் இன்னும் தூண்டிவிடாதா?

தூண்டாது. நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவான விஷயம். பெரும்பாலானவர்களுக்கு யாராவது கேட்டதே பெரிய ஆறுதல். "சாகவேணும் எண்டு யோசிக்கிறீங்களா?" என்று அமைதியாகக் கேளுங்கள். ஆம் என்றால் திட்டாதீர்கள், "பிள்ளைகளை நினைச்சுப் பார்" என்று குற்றவுணர்வை ஏற்றாதீர்கள். கேளுங்கள், தனியே விடாதீர்கள், ஆபத்தானவற்றைக் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள், அன்றைக்கே உதவிக்கு எடுங்கள் (இலக்கங்கள் கடைசிக் கேள்வியில்).

எட்டாமல் வைப்பதெல்லாம் என்ன உதவி என்று நினைக்கவேண்டாம். 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அந்தக் காலத்திலிருந்து கொடிய பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த ஒரு வேகமான நேரத்தைத் தாண்டவைத்தால் பலர் பிழைத்துக்கொள்வார்கள்.

பொலிஸுக்குப் பயந்து வைத்தியசாலைக்குப் போகாதவர்களும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயல்வது இந்த நாட்டில் 1998 முதல் குற்றம் அல்ல.

மற்றவருக்கு உதவ எனக்கு ஏதாவது பயிற்சி இருக்கிறதா?

மனநல முதலுதவி என்று ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் மேலே சொன்ன ஜோர்மும் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் நடக்கிறது. பயிற்சி கிடைக்காவிட்டாலும் அதன் முதுகெலும்பு எளிது: கிட்டப்போ, ஆபத்து இருக்கிறதா பார், தீர்ப்புச் சொல்லாமல் கேள், நம்பிக்கையும் தகவலும் கொடு, வைத்தியரிடமும் வேண்டியவர்களிடமும் சேர்த்துவிடு. இதில் நமக்குக் கடினமானது தீர்ப்புச் சொல்லாமல் கேட்பது. நம் ஆட்கள் ஒரு கதையில் பாதி கேட்பதற்குள் புத்திமதி தொடங்கிவிடுவார்கள்.

போர், 2019 குண்டுவெடிப்பு எல்லாம் பார்த்தவர்களிடம் நடந்ததைச் சொல்லச் சொல்லவேண்டுமா?

வற்புறுத்தவேண்டாம். நடந்ததை உடனே முழுதாகச் சொல்லவைப்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. சொல்ல வந்தால் கேளுங்கள். பலர் காலப்போக்கில் தாமாகத் தேறுவார்கள். மாதக்கணக்கில் கெட்ட கனவும் திடுக்கிடலும் விடாவிட்டால் சிகிச்சை இருக்கிறது.

மகள் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு "எனக்கு டிப்ரெஷன்" என்கிறாள். நம்புவதா?

அவள் ஒட்டிய பெயரை நம்பவேண்டியதில்லை. அவள் படுகிற கஷ்டத்தை நம்புங்கள். மனநோய்களில் ஏறத்தாழப் பாதி 18 வயதுக்கு முன்பே தொடங்குகின்றன, ஆகவே "இந்த வயசில என்ன கவலை" என்பது பதில் அல்ல. ஒரு நிமிட வீடியோவில் சொல்கிற அறிகுறிகள் உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மாதம் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் என்பதும் உண்மை. நித்திரை, சாப்பாடு, தோழிகள், படிப்பு, கையில் ஏதும் காயம் இருக்கிறதா என்று கவனியுங்கள். அந்த வீடியோவை அவளோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள், எந்த இடம் தன்னைப் போல இருக்கிறது என்று அவளே காட்டுவாள்.

கல்யாணப் பேச்சில் மனநோய் பற்றிச் சொல்லவேண்டுமா?

முடிந்துபோன ஒரு காலத்து மனச்சோர்வை ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை. இப்போதும் மருந்து எடுக்கிற நோயென்றால், கல்யாணம் செய்யப்போகிற அந்த ஒருவரிடம், தரகர் வழியாக அல்ல, நேரே சொல்லவேண்டும் என்பது என் கருத்து. மறைத்தால் முதலில் பலியாவது மருந்துதான். மாமியார் வீட்டில் ஒளித்து எடுக்கமுடியாமல் விட்டுவிடுவார்கள், நோய் திரும்பும். இதில் என்னோடு ஒத்துப்போகாத தாய்மார் அதிகம்.

1926க்கு எடுத்தால் என்ன நடக்கும்?

அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம், 24 மணி நேரமும் இயங்குவது. எடுத்தவுடன் "தமிழில் கதைக்கவேண்டும்" என்று சொல்லுங்கள். பெயர் சொல்ல விருப்பமில்லையென்றால் அதைச் சொல்லிவிட்டே கதைக்கலாம். உங்களுக்காகத்தான் எடுக்கவேண்டும் என்றில்லை, தம்பிக்காகவும் பக்கத்து வீட்டாருக்காகவும் எடுத்து என்ன செய்வதென்று கேட்கலாம். 1333 என்ற உளவளத்துணை இலக்கமும் இருக்கிறது. நேரே போய் யாரிடமாவது மனம்விட்டுக் கதைக்கவேண்டும் என்றால் 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ என்ற அமைப்பு ஹோர்ட்டன் பிளேஸில் உண்டு, அங்கே இருப்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் இவை எதற்கும் காத்திராமல் 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அதற்கும் காசு இல்லை. தொடர்மாடியில் இருப்பவர்கள் மாடி இலக்கத்தோடு லிஃப்ட் வேலை செய்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.